வில் கையுறை: வாங்குவதும் வெட்டித் தைப்பதும்

இரவுப் பணியில் ஒரு பாட்டிக்கு ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் கண்ணைவிட விரல் நுனிக்குத்தான் அதிகம் தெரியும். தோலுக்கு அடியில் மெத்தென்று ஒரு துள்ளல் தட்டுப்பட்டால் அங்கே குத்தலாம். அன்றைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பாட்டியின் கையில் குறை இல்லை, என் ஆள்காட்டி விரல் நுனி மரத்துப்போயிருந்தது. நடுவிரலும் பாதி அப்படித்தான். இடது கையால் தடவிப் பார்த்து ஒருவழியாக ஏற்றிவிட்டேன். அதற்கு முந்தைய இரண்டு விடுமுறை நாட்களில் 200 அம்புக்கு மேல் விட்டிருந்தேன். வெறுங்கையால் இல்லை, தோல் கையுறை போட்டுக்கொண்டுதான்.

நான் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸில் செவிலியராக இருக்கிறேன். ஊர் ஆம்பூர். மகன் பள்ளியில் வில்வித்தையில் சேர்ந்து ஆறு மாதத்தில் விட்டுவிட்டான். கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்ட நான் பிடித்துக்கொண்டேன். என் வில் ‘பேர்’ (Bear) கம்பெனியின் பழைய க்ரிஸ்லி, 58 அங்குலம், எழுபதுகளில் இதே மாநிலத்தின் கிரேலிங் ஊரில் செய்தது. ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கினேன். கப்பி கிடையாது, குறிபார்க்கும் கருவி கிடையாது. மரம், நாண், மூன்று விரல், அவ்வளவுதான். ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்தான் என்று படித்து வளர்ந்தவளுக்கு இங்கே முதல் பாடமே ஆச்சரியம்: இந்த முறையில் கட்டைவிரல் நாணைத் தொடுவதே இல்லை. ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே.

வில்லில் 35 பவுண்டு என்று எழுதியிருக்கும். அது நாணை 28 அங்குலம் இழுக்கும்போது வருகிற கணக்கு. நான் குள்ளம், 26 அங்குலத்துக்கு மேல் இழுக்க வராது. அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு குறையும் என்று வைத்துக்கொண்டால் என் விரல்களுக்கு வருவது 31 பவுண்டு, ஏறக்குறைய 14 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் கூட. அதை மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிற்றில் மூன்று விரலால் தூக்குகிறோம். நடுவிரல்தான் பெரும்பங்கு சுமக்கும். விரலின் உள்பக்கத்தில் இரண்டு ஓரமாகவும் உணர்வு நரம்புகள் ஓடுகின்றன. (ஊசி ஏற்றும் ரத்தக்குழாயையும் நாம் நரம்பு என்றுதான் சொல்கிறோம், உணர்வைக் கடத்துவதும் நரம்புதான். இனி நான் சொல்வது இரண்டாவதை.) அந்த நரம்பை நாண் திரும்பத் திரும்ப நசுக்கினால் நுனி மரக்கும். ஒரு நாளில் சரியாகலாம், சில வாரங்களும் ஆகலாம். எனக்கு ஐந்து வாரம் ஆனது.

அப்படியானால் தடித்த தோல்தானே நல்லது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, முதலில் வாங்கியது அந்த மாதிரிதான். சிக்கல் என்னவென்றால் தடித்த, மெத்தென்ற தோலுக்குள் நாண் புதைந்துவிடும். விடும் நேரத்தில் வழுக்கிப் போகாமல் தோலை இழுத்துக்கொண்டு போகும். அம்பு இடப்பக்கமாக ஓடும். அதுபோக, விரலுக்கு நாண் எங்கே இருக்கிறது என்றே தெரியாததால் பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். இறுக்க இறுக்க நரம்பு நசுங்கும். ஆகவே தேட வேண்டியது வழவழப்பான, விறைப்பான, ஆனால் மெல்லிய தோல். அது விரலோடு ஒட்டி நிற்க வேண்டும். இதில் கடைசி விஷயம்தான் முக்கால்வாசி.

வாங்கும்போது

இந்தக் கையுறை நாம் குளிருக்குப் போடுவது போல இருக்காது. மூன்று விரலுக்கு மூன்று உறை, புறங்கையில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு வார். அவ்வளவே. (பழைய தமிழில் வில்லாளி விரலில் மாட்டும் உறைக்குப் புட்டில் என்று பெயர். கடையில் போய்க் கேட்டால் யாருக்கும் புரியாது.) நாணுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு தட்டையான தோல் துண்டைப் பிடித்துக்கொள்ளும் முறையும் உண்டு, ஒலிம்பிக் வீரர்கள் அதைத்தான் வைத்திருப்பார்கள். நாண் அதில் இன்னும் சுத்தமாகக் கழலும். நான் காட்டுப்பாதையில், இலக்காக நிறுத்தியிருக்கும் ரப்பர் மான் பொம்மைகளைத் தேடி நடந்து நடந்து எய்கிறவள். தண்ணீர் குடிக்க, அம்பு பிடுங்க, மூக்கைத் துடைக்க என்று கை வேறு வேலை செய்தபடியே இருக்கும். எனக்குக் கையுறைதான் வசதி.

முடிந்தால் நேரில் போட்டுப் பாருங்கள். நான் முதலில் இணையத்தில் வாங்கினேன். சிறிய அளவு என்று போட்டிருந்தது, வந்ததில் என் மோதிர விரல் உறைக்குள் ஒரு சுற்று சுற்றியது. ஆண்களின் கைக்கு வெட்டிவிட்டு அதையே கொஞ்சம் சுருக்கிச் ‘சிறியது’ என்கிறார்கள் என்பது என் அனுபவம். நீளம் குறைகிறது, சுற்றளவு குறைவதில்லை. ஜனவரிக் கடைசியில் கலமசூவில் பாரம்பரிய வில்லுக்காரர்களின் கண்காட்சி நடக்கும். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே ஒரே காலையில் பதினோரு கையுறை போட்டுப் பார்த்தேன். விற்கிறவர் பொறுமைசாலி.

போட்டதும் நான் பார்ப்பது இவைதான். விரல் நுனி உறையின் முனையைத் தொட வேண்டும், நடுவே காற்று இருக்கக் கூடாது. மற்ற கையால் உறையைப் பிடித்து முறுக்கினால் விரலோடு சேர்ந்து திரும்ப வேண்டும், தனியாகச் சுழலக் கூடாது. அதற்காக இறுக்கமும் கூடாது. இதற்கு எங்கள் வார்டு சோதனை ஒன்று இருக்கிறது: நுனி திறந்த உறையானால் நகத்தை அழுத்தி வெளுக்க வைத்து விடுங்கள், இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானால் உறை ரத்தத்தைத் தடுக்கிறது. நுனி மூடிய உறையென்றால் பத்து நிமிடம் போட்டிருந்து கழற்றி, விரல் நிறத்தைப் பாருங்கள்.

அப்புறம் முஷ்டியை மடக்குங்கள். உறை முதல் மூட்டைத் தாண்டி மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் நாண் உட்காரும் இடம் அந்த முதல் மூட்டின் மடிப்பு, அல்லது அதற்கு ஒரு நூல் முன்னால். ஆனால் இரண்டாவது மூட்டில் இடித்தால் விரல் கொக்கி மாதிரி வளையாது. தையல் நகத்துப் பக்கம் இருக்க வேண்டும். நாண் ஓடும் பாதையில் தையலோ, தோல் ஏறி இறங்கும் விளிம்போ இருந்தால் அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிடுங்கள்.

தோல் விஷயத்தில் அப்பாவைக் கேட்டேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 31 வருடம் கட்டிங்கில் இருந்தவர். வில்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. காணொளியில் கையுறைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

“மடிச்சுக் காட்டும்மா. கேமரா கிட்ட.”

மடித்தேன்.

“சுருக்கம் பொடிப்பொடியா விழுதா, பெரிசா உப்பிக்கிட்டு விழுதா?”

“பெரிசா, அப்பா.”

“அப்ப அது தொளதொளத்த தோல். வயித்துப் பக்கம் வெட்டியிருப்பான். இழுத்தா நீளும், திரும்ப வராது. முதுகுத் தோலா பாத்து வாங்கு.”

இந்த ஒரு சோதனை எனக்குக் காசு மிச்சப்படுத்தியிருக்கிறது. மான் தோல் மிருதுவானது, கைக்கு உடனே பழகும், உணர்வு நன்றாகக் கிடைக்கும். ஆனால் நீண்டு தளர்ந்துவிடும். லேசான வில்லுக்குச் சரி. 40 பவுண்டுக்கு மேல் இழுக்கிறவர்கள் மான் தோலை மட்டும் நம்ப வேண்டாம். மாட்டுத் தோலில் ஷூ மேல்பக்கத்துக்குப் போடுகிற 1.2 மில்லிமீட்டர் தடிமன் எனக்கு ஒத்துவருகிறது. உச்சத்தில் இருப்பது குதிரைத் தோலின் கார்டோவன். குதிரையின் பின்புறத் தோலுக்குள் அடர்த்தியான ஒரு படலம் இருக்கிறது. அதை எடுத்து மாதக்கணக்கில் பதப்படுத்துவார்கள். சிகாகோவில் 1905 முதல் இருக்கிற ஹார்வீன் ஆலை இதற்கு ஆறு மாதமாவது எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி போல் வழுக்கும், லேசில் நீளாது, நாண் புதையாது. விலை கேட்டால் தலை சுற்றும். முழுக் கையுறையும் அதில் வேண்டியதில்லை. நாண் படும் இடத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

கடைசியில் நான் வாங்கியது நடுத்தர விலையில், மாட்டுத் தோலில், நுனி மூடியது. ஆள்காட்டி விரலுக்கு அருமையாகப் பொருந்தியது. மற்ற இரண்டும் தளர்ச்சி. மூன்று விரலுக்கும் பொருந்துகிற கையுறையை நான் இதுவரை பார்த்ததில்லை.

வெட்டித் தைக்க

தளர்ச்சியைச் சரிசெய்வதில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். கையுறையைப் போட்டுக்கொண்டு, நகத்துப் பக்கம் மிச்சமிருக்கும் தோலைக் கிள்ளிப் பிடியுங்கள். கிள்ளிய இடத்தில் சில்வர் பென்னால் (தோலில் குறிபோடும் வெள்ளி நிறப் பேனா) கோடு போடுங்கள். தையலைப் பிரித்து, கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கோட்டிலேயே வெட்டாதீர்கள், தையலுக்கு இடம் வேண்டும். குண்டூசி குத்தினால் தோலில் ஓட்டை நிற்கும். அதனால் துணி உலர்த்தும் சிறிய கிளிப்பால் பிடித்து, விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தையுங்கள். முக்கோண முனையுள்ள தோல் ஊசி இரண்டு, மெழுகு தடவிய நூல் ஒன்று. நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் விட்டு இழுக்க வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிரியாது. நான் முதலில் தைத்ததன் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். “அங்குலத்துக்கு அஞ்சுதான் இருக்கு. சாக்கு மூட்டையா தைக்கிற? எட்டு போடு” என்றார். எட்டு போட்டேன்.

நடுவிரலில் 3 மில்லிமீட்டரும் மோதிர விரலில் 5 மில்லிமீட்டரும் எடுத்தேன். மோதிர விரலில் ஒரே நாளில் 5 எடுக்கவில்லை. முதலில் 3, ஒரு வாரம் எய்துவிட்டு இன்னும் 2. புதுத் தோல் விரலுக்கு வளைய ஆரம்பித்த பிறகுதான் நிஜமான தளர்ச்சி தெரியும்.

தைக்கத் தெரியாது, பயமாக இருக்கிறது என்றால் விரலில் துணிப் பிளாஸ்திரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு உறையை மாட்டுங்கள். மருத்துவமனையில் நாங்கள் ஒட்டுகிற அதே சொரசொரப்பான வெள்ளைப் பிளாஸ்திரி. உறை சுழலாது. அழகாக இருக்காது, வேலை நடக்கும்.

அடுத்தது நாண் உட்காரும் கோடு. கையுறை போட்டு, நாணில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, மெதுவாக இழுத்து அப்படியே மெதுவாக இறக்குங்கள். அம்பு இல்லாமல் நாணை விட்டுவிடாதீர்கள், அந்த அடியை வில்லே வாங்கிக்கொள்ளும், உடையும். மூன்று உறையிலும் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். என் கையில் நடுவிரலில் மடிப்பிலும், ஆள்காட்டி விரலில் நுனிச்சதை நடுவிலும் விழுந்தது. அதாவது ஆள்காட்டி விரலின் நுனியில் பாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். மரத்துப்போனதற்கு அதுதான் காரணம். கையுறையை மாற்றும் முன் அந்த விரலை உள்ளே தள்ளிப் பிடிக்கப் பழகினேன், ஒரு மாதம் ஆனது. உங்கள் கோடு தப்பான இடத்தில் விழுந்தால் நீங்களும் முதலில் பிடியைச் சரிசெய்யுங்கள். ஏனென்றால் சில நூறு அம்புகளுக்குப் பிறகு அந்தக் கோட்டில் ஒரு பள்ளம் விழும். அதன் பின் நாண் தானாக அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காரும்.

பள்ளத்தைச் சீக்கிரம் வரவழைக்க, உறைகளின் உள்பக்கத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாக நனைத்து, போட்டுக்கொண்டு, நாணை இழுத்து இறக்குவதை இருபது முப்பது தடவை செய்வேன். பிறகு நிழலில் காயவிட வேண்டும். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஆக்கிப் பார்த்தவள் சொல்கிறேன்.

நரம்புக்குக் காவல் போடுவதற்கு இரண்டு வழி. மலிவான வழி, பால் கேன். இங்கே கேலன் பால் வருகிற வெள்ளை பிளாஸ்டிக் கேனின் மூலைகள் உருண்டையாக வளைந்திருக்கும். அந்த வளைவிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் துண்டு வெட்டினால் விரலின் வளைவுக்கே பொருந்தும். மூலைகளை உருட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து மழுங்கடியுங்கள். நாண் கோட்டுக்கு இரண்டு பக்கமும் துண்டு பரவியிருக்கும்படி, உறையின் உள்பக்கம் வைத்து, மேலே மெல்லிய லைனிங் தோல் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு ஷூக்காரர்களின் பசை, அதாவது சொல்யூஷன்: இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். நாணின் பாரம் இப்போது ஒரு கோட்டில் விழாமல் துண்டு முழுக்கப் பரவும்.

ஆனால் விரலுக்கு உணர்வு குறையும். மூன்று விரலிலும் போட்டுப் பார்த்தேன், கரண்டியால் நாணைப் பிடித்த மாதிரி இருந்தது. இப்போது நடுவிரலில் மட்டும் வைத்திருக்கிறேன். என் வில் போன்ற லேசான வில்லுக்கு மற்றவர்கள் இதை வேண்டாமென்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு மறுநாள் காலை யாருடைய கையிலும் நரம்பு தேட வேண்டியதில்லை.

மற்ற வழி கார்டோவன் துண்டு. ஷூ, பர்ஸ் செய்கிறவர்களிடம் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். கலமசூவில் ஒரு பெல்ட்காரர் உள்ளங்கை அளவுத் துண்டைச் சில டாலருக்குக் கொடுத்தார். அதை உறையின் வெளிப்பக்கம், நாண் படும் இடத்தில் ஒட்டித் தைக்க வேண்டும். ஒட்டும் முன் துண்டின் ஓரத்தைச் சுற்றிலும் சதைப்பக்கமாகச் சரிவாகச் சீவுங்கள். ஷூ கம்பெனியில் இதற்கு ஸ்கைவிங் என்று பெயர், தனி மிஷினே உண்டு. வீட்டில் புது பிளேடும் கண்ணாடிப் பலகையும் போதும். கத்தியைப் படுக்க வைத்து, வெளிநோக்கி, மெல்ல மெல்லத் தள்ளிச் சீவ வேண்டும். சீவாமல் ஒட்டினால் படிக்கட்டு மாதிரி விளிம்பு நிற்கும். நான் சோம்பேறித்தனமாக விரல் நுனிப் பக்கத்து ஓரத்தை விட்டுவிட்டேன். நாண் கழலும்போது அந்த விளிம்பில் ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்று தட்டியது, அம்பெல்லாம் ஒரு சாண் இடப்பக்கம் போய்க் குத்தியது. பிரித்துச் சீவி மறுபடி ஒட்டினேன், தட்டல் நின்றது.

குட்டை வில் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. முழுக்க இழுத்த நாண் கூர்மையான கோணத்தில் மடங்குவதால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அம்பின் வாலை இரண்டு பக்கமும் நெருக்கும். விரல்களின் உட்பக்கம் சிவந்து தோல் உரியும், அம்பும் இடத்தைவிட்டு நகரும். என் 58 அங்குல வில்லில் இது ரொம்ப. வெட்டி எறிந்த தோலை வால் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தடிமன் வரும் வரை அடுக்கி ஒட்டி, சுண்டைக்காய் அளவு ஒரு திண்டு செய்து, ஆள்காட்டி விரல் உறையில், நடுவிரலைப் பார்த்த பக்கவாட்டில் தைத்தேன். இப்போது விரல்கள் திண்டை நெருக்குகின்றன, அம்பு சும்மா இருக்கிறது. மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் குறி மாறும், முதலிலிருந்து பழக வேண்டும்.

கடைசியாக ஒரு சிறிய வெட்டு. நாணை முழுதாக இழுத்ததும் என் ஆள்காட்டி விரல் நுனி வாயோரத்தில் வந்து தொட வேண்டும். அது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தொட்டால்தான் அம்பு அதே இடத்துக்குப் போகும். உறையின் முனை மூடியிருந்ததால் தோல் எங்கேயோ இடித்தது, விரலுக்குத் தெரியவில்லை. நுனியில் நகம் தெரிகிற அளவுக்கு அரைவட்டமாக வெட்டிவிட்டேன். இப்போது உதடும் விரலும் நேராகத் தொட்டுக்கொள்கின்றன. செய்த மாற்றங்களில் கத்தரிக்கோல் ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத இதுதான் என் குறியை அதிகம் திருத்தியது. நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வது

நாண் படும் பக்கத்துக்கு எண்ணெய் போடாதீர்கள், தோல் மிருதுவாகி மறுபடி நாண் புதையும். புறங்கைப் பட்டைக்கு வேண்டுமானால் போடலாம். நாண் மெழுகு உறையில் அப்பிக்கொண்டால் வெயிலில் பிசுபிசுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, முகப்பவுடரைக் கொஞ்சம் தொட்டால் வழுக்கல் திரும்பிவிடும்.

இந்த ஊர்க் குளிர் வேறு ரகம். நவம்பரில் வெளியே நின்றால் ரத்தம் உள்ளே ஒதுங்கி விரல் மெலிந்துவிடும், ஜூலையில் கச்சிதமாக இருந்த உறை தளர்ந்து சுழலும். மெல்லிய உள்கையுறை போட்டுப் பார்த்தேன், வாயோரத் தொடுகை போய்விட்டது. அதனால் குளிருக்கென்று மோதிர விரலில் இன்னும் 1 மில்லிமீட்டர் இறுக்கித் தைத்த இரண்டாவது கையுறை ஒன்று வைத்திருக்கிறேன். எய்யாத நேரத்தில் கையோடு சேர்த்துச் சட்டைப்பைக்குள்.

எய்து முடித்ததும் பஞ்சைத் திரி மாதிரி முறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விரல் நுனியிலும் தடவிப் பார்க்கிறேன். இரண்டு கையிலும் ஒரே மாதிரி தெரிந்தால் சரி. ஒரு நுனி மங்கலாக இருந்தால் மறுநாள் வில்லைத் தொடுவதில்லை. ஒரு வாரம் போயும் தெளியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். போன மாதம் நடுவிரல் அப்படி மங்கியது. உறையைப் பிரித்துப் பார்த்தால் பால் கேன் துண்டு நாண் கோட்டில் விரிசல் விட்டிருந்தது. புதுத் துண்டு வைத்து ஒட்டியாயிற்று, அங்குலத்துக்கு எட்டுத் தையல்.